ஐந்தரை மணிக்குப் பதினொன்று

“சாசேஜ்! ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்துல சாசேஜ்!”

நோல்ஃபா போட்ட சத்தத்தில் எங்கள் சந்தின் இரண்டு பக்கத்து ஜன்னல் திரைகளும் ஒரே சமயத்தில் விலகின. காரின் டிக்கியில் அடித்தட்டைத் தூக்கிப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். உதிரிச் சக்கரம் படுத்திருக்க வேண்டிய வட்டக் குழியில், பன்றிக்கறி லொங்கனிசா மாலை மாலையாகச் சுருண்டு கிடந்தது. அதன் தலைமாட்டில் ஒரு மூட்டை அடுப்புக்கரி வேறு.

“கத்தாதே, ஊரே பார்க்குது,” என்றான் அவள் கணவன் ஒசியேல்.

“பார்க்கட்டும்! வண்டி பஞ்சரானா சாசேஜை மாட்டி ஓட்டுற டிரைவர் ஒசோர்னோவிலேயே என் புருஷன் ஒருத்தன்தான்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்!”

“அது எனக்கில்லே. உன் தம்பிக்கு.”

“என் தம்பி கறியே தொடமாட்டான்!”

“அதான். பாவம், ஏங்கிப் போயிருப்பான்னு நெனச்சேன்.”

பின் இருக்கையில் தலையணைகளுக்கு நடுவே புதைந்திருந்த மகள் மைதே கண்ணாடியை இறக்கினாள். “அம்மா, அப்பாவை ஏரிக்கரையில வெச்சுக் கொல்லேன். இங்க வெயில் அடிக்குது.”

நோல்ஃபா அந்த மாலைகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, சந்தைக் கடந்து எதிர்வீட்டு எதெல்மிராவின் கையில் திணித்தாள். எதெல்மிரா “ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்” என்று சொல்லி முடிப்பதற்குள் சாசேஜ் அவள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் போய்விட்டது. அந்தக் கோடை முழுக்க அவள் வீட்டுப் பக்கமிருந்து வந்த வாசனையைப் பற்றி இங்கே எழுதினால் எங்களுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

சாசேஜை எடுத்த நோல்ஃபா, ஸ்டெப்னியைத் திரும்ப வைக்கவில்லை. அது கொல்லையில் கோழிகளுக்கு நடுவே கிடந்தது. எதெல்மிரா அதைப் பார்த்தாள், சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளாம்.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் காரணம் உண்டு. மார்ச் மாதம் ஒசியேலின் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஒசோர்னோவிலிருந்து ருபான்கோ ஏரி வரைக்கும் போகிற பஸ் அவனுடைய வழித்தடம். இளைஞனாக ஏறியவன், அந்த இருக்கையிலேயே வயிறு வளர்த்தவன். டிசம்பரில் அவன் ரத்தத்தைச் சோதித்த மருத்துவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, “இந்தச் சர்க்கரையோட உங்க கையில பயணிகளை யாரும் ஒப்படைக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டார். ஒசியேலின் அப்பா பல்தோவினோவுக்கு இதே சர்க்கரையால்தான் ஒரு கால் போயிற்று. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். ஆனால் நோல்ஃபா அன்றைக்கு இரவே சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. எதெல்மிராவின் மருமகன் விளாதிமிர், எங்கள் பக்கத்துக் கோடையான ஜனவரி, பிப்ரவரியில் விடுப்பு எடுத்த ஒசியேலுக்குப் பதில் அதே பஸ்ஸை ஓட்டினான். மார்ச்சுக்குப் பிறகும் ஓட்டினால் நன்றாக இருக்கும் என்று மாமியாரும் மருமகனும் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றியதாகக் கேள்வி. புத்தாண்டு இரவில், சந்தே கட்டிப்பிடித்து வாழ்த்திக்கொண்டிருந்தபோது, எதெல்மிரா ஒசியேலின் வயிற்றைத் தட்டி, “இதை வெச்சுக்கிட்டு ஸ்டியரிங்கை எப்படிப்பா திருப்புறே?” என்று கேட்டாள். நோல்ஃபாவுக்குச் சுருக்கென்றது. “மார்ச்சுல பாருங்க, அக்கா. நாணல் மாதிரி வந்து நிப்பான்,” என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டாள். சொன்ன வாய் சும்மா இருக்குமா? மறுநாளே பெரிய திட்டம் போட்டது: ஏரிக்கரையில் கூடாரம், காலையில் நீச்சல், காட்டு முகாம், பச்சைக் காய்கறி. கறுப்பு எண்கோண முத்திரை குத்திய எந்தப் பாக்கெட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. ‘சர்க்கரை அதிகம்’, ‘கொழுப்பு அதிகம்’ என்று முத்திரை கத்துகிற பிஸ்கட்டையெல்லாம் அவள் வாசலிலேயே வழிமறித்தாள்.

அதோடு, அவனை அவள் ‘குண்டா’ என்று கூப்பிடுவதையும் நிறுத்தினாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவனை அப்படிக் கூப்பிடுவது ஆசையில்தான். ஈர்க்குச்சி மாதிரி இருப்பவனும் குண்டன்தான். நோல்ஃபா கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. இப்போது, “ஒசியேல், இங்க வா”, “ஒசியேல், கீரை வெந்துடுச்சு” என்று முழுப் பெயரில் அழைத்தாள். சம்மன் வந்தது போல அவன் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழுந்தான்.

கஞ்சியும் கீரையுமாக இந்தக் கொடுமையை அவன் எப்படித் தாங்குகிறான் என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம். தாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது: ஒன்சே.

நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டைவிடப் பெரிதாக மதிக்கிற சாயங்காலத் தேநீருக்கு ஒன்சே என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் பதினொன்று என்றுதான் அர்த்தம். ஐந்து மணிக்குக் குடிக்கிற டீக்கு ஏன் பதினொன்று என்று பெயர் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வோம். டீ ஆறிவிடும் என்பதால் யாரும் கடைசிவரை கேட்டதில்லை. மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் யுலிமார் என்ற பெண் வெனிசுவேலாக்காரி, ஊருக்கு வந்த புதிது. அவள் நோல்ஃபாவையும் ஒசியேலையும் எதிரில் உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னாள்: “காலையில கொஞ்சமா. மத்தியானம் காய்கறி. ராத்திரி லேசா ஒரு சூப். ஒன்சேக்கு மட்டும் அவருக்குப் பிடிச்சதா ஏதாவது கொடுங்க, பசியோட விடாதீங்க.”

நோல்ஃபாவுக்குக் கண்ணில் நீர் தளும்பாத குறை. வெளியே வந்ததும், “வெளிநாட்டுப் பொண்ணு, ஆனா நம்ம மனசு தெரிஞ்ச பொண்ணு,” என்றாள். ஒசியேல் அன்றைக்கு அதிசயமாக வாயே திறக்கவில்லை. அவள் அதை நன்றியறிதல் என்று எடுத்துக்கொண்டாள்.

சரி, பயணத்துக்கு வருவோம். தார்ச்சாலை முடிந்து சரளைக்கல் சாலை தொடங்கிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, முன்சக்கரம் புஸ்ஸென்று போனது. மூவரும் இறங்கி டிக்கியைத் திறந்து அந்த வெறுங்குழியை எட்டிப் பார்த்தார்கள்.

“சாசேஜாவது இருந்திருக்கும்,” என்றாள் மைதே.

“வாயை மூடு,” என்று அப்பாவும் அம்மாவும் ஒன்றாகச் சொன்னார்கள். அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது ஒசியேலின் பஸ். ஓட்டியவன் விளாதிமிர். “ஏறுங்க மாமா, ஏறுங்க! உங்க வண்டிதானே!” என்று கைகாட்டினான், தன் வண்டி போல. ஒசியேல் தன் பஸ்ஸில் முதல் தடவையாகப் பின் கதவு வழியாக ஏறினான். கண்ணாடிக்கு மேலே அவன் ஒட்டியிருந்த கன்னி மரியாள் படம் ஒரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, நடுவில் ஒரு ரப்பர் டைனோசர் ஆடிக்கொண்டிருந்தது.

நோல்ஃபா பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவன் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. பாலத்தைத் தாண்டி ஒரு நீலப் படல் வரும். அங்கே தனியாக இருக்கும் கிழவி ஒருத்திக்காக ஒசியேல் எப்போதும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். அவளும் கையை ஆட்டுவாள். விளாதிமிர் அடிக்காமலே போனான். படலுக்கு அருகே நின்றிருந்த கிழவியின் கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது. ஒசியேல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இந்த மனுஷனிடமிருந்து பஸ்ஸைப் பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கும்? ஒரு நாற்காலியும் அதை நிறைக்கிற ஒரு வயிறும்தான். அதுவும் தன் சமையலறையில், பகல் முழுக்க. நோல்ஃபா பல்லைக் கடித்துக்கொண்டாள். மார்ச் வரைக்கும் இரக்கமே காட்டக்கூடாது என்று முடிவு செய்தாள்.

காட்டவும் இல்லை. காலையில் எழுந்ததும் ஏரியில் தள்ளினாள். எரிமலைப் பனி உருகி வருகிற தண்ணீர். உள்ளே போன ஒசியேல் கூவிய கூவலில் எதிர்க்கரை மாடுகள் தலை நிமிர்ந்தன. ஒல்லியாகக் காட்டும் என்று மூன்று பேருக்கும் கறுப்பு உடை வாங்கியிருந்தாள். ஜனவரியில் ஏரிக்கரையில் கறுப்பு உடுத்தினால் தாபானோக்கள் மொய்க்கும் என்பது இங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். விரல்கட்டை அளவு மாட்டு ஈ அது. துணியோடு சேர்த்துக் கடிக்கும். மைதே முதல் நாளே மஞ்சளுக்கு மாறினாள். நோல்ஃபா ஒசியேலை மட்டும் மாறவிடவில்லை. “ஓடு, ஒசியேல்! ஓடினா கடிக்காது!” அவன் கரையோரமாகக் கையை வீசிக்கொண்டு ஓடினான், பின்னால் ஒரு மேகம் ஓடியது. காசு கொடுத்துப் பயிற்சியாளர் வைத்தாலும் அப்படி ஓடியிருக்க மாட்டான்.

மத்தியானம் கடற்பாசி சாலட், பீன்ஸ். அவன் முனகாமல் சாப்பிட்டான். ஏனென்றால் ஐந்து மணிக்கு உலகம் மாறும். மருத்துவ உத்தரவாயிற்றே! நோல்ஃபா கையால் பிசைந்து சுட்ட ரொட்டி, வெண்ணெய், சீஸ், மசித்த வெண்ணெய்ப்பழம், முர்தாப் பழ ஜாம், ராஸ்பெரி போட்ட கூகென் கேக். வீட்டில் சுட்டதற்குக் கறுப்பு முத்திரை ஏது? பகல் பூரா பட்டினி போட்ட குற்ற உணர்ச்சியை அவள் ரொட்டி மேல் தடவிக் கொடுத்தாள். அந்த ஒரு மணி நேரம் அவள் முகமும் இளகிவிடும். வாய் தவறி, “இன்னொரு துண்டு எடுத்துக்கோ, குண்டா,” என்பாள். பிறகு நினைவு வந்து வாயைப் பொத்திக்கொள்வாள்.

“இவ்வளவு கஷ்டப்பட்டும் பெல்ட்டு ஒரு ஓட்டைகூட உள்ளே போகலையே,” என்று அவள் அடிக்கடி ஆச்சரியப்பட்டாள்.

“எலும்பே கனம்,” என்றான் ஒசியேல்.

அதற்கப்புறம்தான் காட்டு முகாம். நோல்ஃபாவின் தம்பி ஹெரிபெர்தோ நடத்துவது. நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவன். பறவைகளோடு பேசுவான், மரங்களைக் கட்டிப்பிடிப்பான், அழுக்குத் துணியை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை அக்கா வீட்டில் கொண்டுவந்து போடுவான். ஏரிக்கு மேலே காட்டுக்குள் நாலு கூடாரம், ஒரு ஓடை. செல்போன் கிடையாது, சோப்பு கிடையாது, மாவு கிடையாது.

“அக்கா, பையில என்ன வெள்ளையா கொட்டுது?”

“மாவு.”

“இங்க ரொட்டி கூடாதுன்னு சொன்னேனே! ஓடைத்தண்ணி, மாக்கிப்பழம், ட்ரவுட் மீன், அவ்வளவுதான். காடு கொடுக்கிறதைத்தான் சாப்பிடணும்.”

“காடு ஒன்சே கொடுக்குமா?”

“கொடுக்காது...”

“அப்ப நான் கொடுக்கிறேன். டாக்டர் உத்தரவு.”

ஒசியேல் மச்சினன் தோளில் கை போட்டான். “மாப்ளே, மருத்துவத்தோட விளையாடாதே. எனக்குப் பசி வந்தா ஆபத்துன்னு அந்தம்மா சொல்லியிருக்கு.”

“எந்தம்மா?”

“யுலிமார்னு வெனிசுவேலாப் பொண்ணு.”

ஹெரிபெர்தோவின் காது மடல் சிவந்தது. “அவங்கதான் நாளைக்கு இங்க வர்றாங்க. சாப்பாட்டைப் பத்திப் பேச நான்தான் கூப்பிட்டிருக்கேன்,” என்றான். முகாமில் சோப்பே கூடாது என்றவன் அன்று சாயங்காலம் மைதேயிடம் ரகசியமாக ஒரு துண்டு சோப்பு கேட்டு வாங்கிக்கொண்டு ஓடைக்குப் போனான்.

தன்னை வழிநடத்திய பெண் வருகிறாள் என்றதும் நோல்ஃபாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் நெருப்பை விலக்கி, சாம்பலுக்குள் மாவைப் புதைத்து, வட்ட வட்டமாக ரொட்டி சுட்டாள். கீழே ஆள் அனுப்பி வெண்ணெயும் சீஸும் வரவழைத்தாள். ஒரு ஆப்பிள் கூகென் வேறு. விழுந்து கிடந்த மரத்தின் மேல் துணி விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். ஒசியேல் மட்டும் வழக்கத்துக்கு மாறாக, “இன்னிக்கு ஒன்சே வேண்டாமே, வயிறு சரியில்லை,” என்றான். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “காய்ச்சல் இல்லையே!”

யுலிமார் மலையேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். துணியைப் பார்த்தாள். ஒசியேலின் தட்டைப் பார்த்தாள்.

“அடடா! யாருக்குப் பிறந்தநாள்?”

“பிறந்தநாளா?” நோல்ஃபா சிரித்தாள். “இது ஒன்சே, டாக்டரம்மா! நீங்க சொன்ன மாதிரியே. ஒரு நாள்கூடத் தவறலை!”

“ஒன்சேயா? மணி இப்ப அஞ்சரை.”

“ஆமா, உங்களுக்காகக் கொஞ்சம் லேட்டு பண்ணிட்டேன்.”

“கொஞ்சமா? ஆறரை மணி நேரம் லேட்டு!”

யுலிமார் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, விரலால் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். “நான் சொன்னது பதினோரு மணிக்கு. காலையில. ஒரு ஆப்பிள். அவருக்குப் பிடிச்சா ஒரு பேரிக்காய்.”

அவலை நினைத்து உரலை இடித்த கதையாக, நோல்ஃபாவின் கண்முன்னால் ஜனவரி முழுக்கச் சுட்ட ரொட்டிகள் வரிசையாக நடந்து போயின. கூகென்கள் பின்னாலேயே போயின. மார்ச்சும் எதெல்மிராவின் சிரிப்பும் கடைசியில் வந்தன. “ஐயோ, நானே என் கையால...” என்று மரத்தின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் வெண்ணெய் இருந்தது.

“நம்ம ஊர்ல யாராயிருந்தாலும் அப்படித்தான்மா புரிஞ்சுக்குவாங்க,” என்றாள் மைதே, முதல் தடவையாகக் கிண்டல் இல்லாமல். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். அவன் மிகக் கவனமாக ஒரு எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஆனா அப்பா, உன் பஸ்ல பாதிப் பேர் வெளிநாட்டுக்காரங்க. ஒன்சே பஸ்னு அவங்க கேட்டா பதினோரு மணி பஸ்ஸைத்தான் கேட்கிறாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

நோல்ஃபாவின் தலை மெதுவாகத் திரும்பியது.

“உனக்குத் தெரியும்.”

“நோல்ஃபா...”

“அங்கேயே, அந்த நாற்காலியிலேயே உனக்குத் தெரியும்! அதான் வாயைத் திறக்கலை! உங்கப்பா கால் போனது மறந்துபோச்சா? உன் பஸ்ல டைனோசர் ஆடுறதைப் பார்த்துமாடா ரொட்டி இறங்குச்சு உனக்கு?”

ஹெரிபெர்தோ ஒரு மரத்துக்குப் பின்னால் போனான். அவன் காட்டில் இதற்குத் தயாராக இருக்கவில்லை.

ஒசியேல் தட்டைக் கீழே வைத்தான். “ரொட்டிக்காக இல்லே,” என்றான். பிறகு, உண்மை பேசிப் பழகாதவன் போலத் திணறி, “ரொட்டிக்காகவும்தான். ஆனா... நாள் பூரா ஒசியேல், ஒசியேல்னு கூப்பிடுறே. பள்ளிக்கூட வாத்தியார் கூப்பிடுற மாதிரி. ஒன்சே நேரத்துல மட்டும்தான் நீ என்னைக் குண்டான்னு கூப்பிட்டே. அதை விட மனசு வரலை,” என்றான்.

“இதைச் சொல்ல ஒரு மாசமாடா உனக்கு, குண்டா?” என்று நோல்ஃபா கூகென் இருந்த தட்டை எடுத்தாள். அவன் முகம் மலர்ந்தது. அவள் அதை நேராக யுலிமாரிடம் கொடுத்தாள். “நீங்க சாப்பிடுங்க. நீங்கதான் ஒல்லியா இருக்கீங்க.”

யுலிமார் மூன்று துண்டு சாப்பிட்டாள். அதற்கப்புறம் உணவைப் பற்றிய பேச்சு சரியாக வரவில்லை என்பதை ஹெரிபெர்தோ மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி வேறு மாதிரி போனது. பதினோரு மணிக்கு ஆப்பிள். ஐந்து மணிக்குத் துணி விரித்து வெறும் டீ. ஆனால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், அவள் வார்த்தைக்கு வார்த்தை குண்டா போட்டாள். “டீ ஆறுது குண்டா, ஈ விழுது குண்டா.” ரொட்டி இல்லாத ஏக்கத்தில் ஒசியேல் அவளைத் தூண்டித் தூண்டிப் பேச வைத்தான். கறுப்பு உடையைத் தாபானோக்களுக்கே விட்டுவிட்டு, ஸ்டெப்னியைக் கொண்டுவந்து வழியில் விட்டுவந்த காரை மீட்டு, தினமும் நீலப் படல் வரைக்கும் நடந்து போய்க் கிழவிக்குக் கையாட்டிவிட்டு வந்தான். அவள் நீட்டிய பொரித்த ரொட்டியை மறுத்தான் என்று அவளே சொன்னாள்; பாதியை மறுத்தான் என்பது மைதேயின் வாக்குமூலம்.

மார்ச்சில் அவன் நாணல் மாதிரி எல்லாம் வரவில்லை. நிறைந்த பீப்பாய் மாதிரி இருந்தவன் கொஞ்சம் ஒழுகின பீப்பாய் மாதிரி வந்தான், அவ்வளவுதான். சர்க்கரை இறங்கியிருந்தது, வெட்கப்படுகிற அளவுக்குக் கொஞ்சம். மருத்துவர் உதட்டைப் பிதுக்கி, மற்றவர்களுக்குப் போல நாலு வருஷத்துக்கு இல்லாமல், ஒரே ஒரு வருஷத்துக்கு உரிமம் கொடுக்கச் சொன்னார். அதாவது அடுத்த கோடையிலும் ஏரி, கடற்பாசி, கூவல் எல்லாம் உண்டு. அதற்கடுத்த கோடையிலும். எதெல்மிரா அன்றைக்கு, “ஒரு வருஷம்தானா?” என்று பரிதாபப்பட்டாள். “உங்க சாசேஜ் தீர்ந்துபோச்சா, அக்கா?” என்று நோல்ஃபா பதில் பரிதாபம் காட்டினாள். முதல் நாள் பஸ் பாலத்தைத் தாண்டியபோது ஹாரன் இரண்டு தடவை இல்லை, நாலு தடவை ஒலித்ததாம்.

விளாதிமிர் மனைவியையும் டைனோசரையும் கூட்டிக்கொண்டு வடக்கே இக்கீக்கேக்குப் போய்ச் சுரங்க லாரி ஓட்டுகிறான். மாமியார் போகவில்லை, போனால் சந்தை யார் பார்த்துக்கொள்வது? மைதே வால்டிவியாவுக்குப் படிக்கப் போனாள். அங்கே மஞ்சள் உடையைத் தவிர எதுவும் உடுத்துவதில்லை என்கிறார்கள். ஹெரிபெர்தோ யுலிமாரைக் கட்டிக்கொண்டு கொய்ஹைக்கேவில் குடியேறினான். துணி துவைக்கக் கற்றுக்கொண்டுவிட்டானாம், யாரும் நேரில் பார்க்கவில்லை.

அவர்கள் கல்யாணம் ஏரிக்கரைத் தேவாலயத்தில்தான் நடந்தது. அழைப்பிதழை யுலிமாரே எழுதினாள்: ‘ஒன்சேக்கு வந்து எங்களை வாழ்த்துங்கள்.’ அவள் உறவுக்காரர்கள் காலை பதினோரு மணிக்கு வந்து, எங்கள் சந்துக்காரர்களுக்காகப் பாதிரியாரைக் காத்திருக்க வைத்தார்கள். பிறகு பொறுமை போய்க் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். எங்கள் சந்து மொத்தமும் ஐந்தரை மணிக்கு ஒசியேலின் பஸ்ஸில் போய் இறங்கியது, ஆளுக்கொரு கூகெனோடு.